சத்தம் போடத் தெரியாதவர் நாடகம் சொல்லித்தரலாமா?

கோபி தமிழ் டீச்சர் கேட்டது:

வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். இந்த வருடம் கலைத் திருவிழா நாடகம் என் பொறுப்பில் வந்திருக்கிறது. இதுவரை பார்த்துக்கொண்ட சார் மாறுதலாகிப் போய்விட்டார். அவருக்குக் கணீரென்ற குரல். வசனத்தை அவரே நடித்துக் காட்டுவார், பிள்ளைகள் அப்படியே செய்வார்கள். அவரிடம் பயமும் உண்டு, அவர் என்றால் உயிரும்கூட. நான் அதிர்ந்து பேசாதவள். வள்ளி திருமணக் கதையை எடுத்திருக்கிறோம். "நடிச்சுக் காட்டுங்க மிஸ், அதே மாதிரி பண்ணிடறோம்" என்கிறார்கள். எனக்கு அது வருவதில்லை. வள்ளியாக நடிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொரு வசனம் முடிந்ததும் என் முகத்தைப் பார்க்கிறாள். எதிரே நிற்கும் முருகனைப் பார்ப்பதே இல்லை. சொல்லித்தருகிறவரின் சுபாவம் பிள்ளைகளிடம் எவ்வளவு தூரம் போய்ச் சேரும்? நான் என்னை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

பவானிக்கரை:

மாற வேண்டாங்க டீச்சர். பவானியில் பள்ளி விட்ட பிறகு பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லித்தருகிறேன், பள்ளி நாடகங்களும் நிறையப் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் பார்த்தாலே அவர்களுடைய வாத்தியார் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். நடித்துக் காட்டுகிறவரின் பிள்ளைகள் எல்லாரும் ஒரே மாதிரி வலக்கையைத் தூக்குவார்கள். கடைசிச் சொல்லை ஒரே மாதிரி இழுப்பார்கள். ராஜாவுக்கும் சேவகனுக்கும் ஒரே குரல்தான்.

அந்த முறையைக் குறை சொல்லவில்லை. சிறுவர்களே நடித்த பழைய பாய்ஸ் கம்பெனி நாடகக் குழுக்களில் வாத்தியார் பாட, பையன் திருப்பிப் பாடித்தான் பாடம் ஏறியது. நாடகமே பாட்டாக இருந்த காலம் அது. ஆனால் அங்கேயும் பிள்ளையைப் பார்த்துப் பாடம் வைத்தவர் இருந்தார். நாடகங்கள் எழுதிச் சொல்லித்தந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்து நாடக சபா தொடங்கினார். பின்னாளில் பெரிய நாடக நடிகரான டி.கே. சண்முகம் அதில் சேர்ந்தபோது சின்னஞ்சிறு பையன். சண்முகம் அபிமன்யுவாக நடித்த 'அபிமன்யு சுந்தரி'யை சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். தன்னிடம் இருக்கிற பிள்ளைகளுக்கு எது பொருந்தும் என்று தெரிந்தவரால்தான் அப்படி எழுத முடியும். அந்தக் கண் அமைதியானவர்களுக்கு அமைவது சுலபம் என்று நான் நம்புகிறேன். முருகனைப் பார்க்கவில்லை என்பதை நீங்கள் கவனித்துவிட்டீர்களே, அதுவே பாதி வேலை.

அந்தப் பிள்ளை உங்கள் முகத்தில் மதிப்பெண் தேடுகிறாள். முன்னால் நிற்காதீர்கள். பக்கவாட்டில், அவள் பார்வை படாத இடத்தில் உட்காருங்கள். வசனம் முடிந்ததும் "நல்லா இருக்கு" என்றுகூடச் சொல்ல வேண்டாம். அப்புறம் தனியாகக் கேளுங்கள்: கிழவர் வேடத்தில் வரும் முருகன் தேனும் தினைமாவும் கேட்டபோது உனக்குப் பாவமாக இருந்ததா, எரிச்சலாக இருந்ததா? விக்கல் எடுத்ததும் பயந்தாயா? முருகனாக வரும் பையனிடம் மட்டும், விக்கலை எந்த வசனத்தில் எடுப்பது என்று தினமும் மாற்றச் சொல்லுங்கள். அவள் அவனைப் பார்த்தே ஆக வேண்டும்.

கீத் ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேய நாடக ஆசிரியர் முதல் வகுப்பிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டு, நீங்கள் சொதப்பினால் பழி என்னுடையது என்று மாணவர்களிடம் சொல்லிவிடுவாராம். உங்கள் சுபாவத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும்.

எடப்பாடிக்காரன்:

மேலே சொன்னதில் ஒன்று விட்டுப்போயிற்று. அமைதி வேறு, தளர்வு வேறு. நான் கூத்து கற்ற வாத்தியார் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. ஆனால் அடவு, அதாவது ஆட்டத்தின் அடி, தப்பினால் தாளத்தை நிறுத்திவிடுவார், மிருதங்கக்காரரும் கையை எடுத்துவிடுவார். திரும்ப முதலிலிருந்து. திட்டு கிடையாது, சலுகையும் கிடையாது. விடிய விடிய ஆடி முடித்ததும், கடைசிப் பையன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் இலையில் உட்காருவார். அதனால்தான் அந்த நிறுத்தம் எங்களுக்கு வலித்தது.

பிள்ளைகளைக் கெடுப்பது கோபம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இன்றைக்கு ஒரு மாதிரி நாளைக்கு ஒரு மாதிரி இருப்பதுதான் அதைவிடக் கெடுதல். வாத்தியார் இன்று எந்த மனநிலையில் வந்திருக்கிறார் என்று வாசலிலேயே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நடிப்பில் மனம் போகாது. ஒத்திகை நாலரைக்கு என்றால் நாலரைக்கே தொடங்குங்க டீச்சர்.

மேட்டுப்பாளையம் அம்மணி:

நான் நாடகக்காரி இல்லைங்க, வள்ளிக் கும்மி ஆடுகிறவள். அதே வள்ளி முருகன் கதைதான் எங்களுக்கும். எங்க பக்கத்து பத்திரப்பன் ஐயாவுக்கு 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது எல்லாருக்கும் தெரியும். ஆண்கள் மட்டும் ஆடிவந்ததைப் பெண்களுக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். கலை அதேதான், பாட்டும் அடியும் அதேதான். சொல்லித்தருகிறவர் மனசு வைத்ததால் என்னைப் போன்றவர்கள் வட்டத்துக்குள் வந்தோம். வாத்தியாரின் குணம் எப்படி நடிக்க வைக்கிறது என்பதற்கு முன்னால், யாரை உள்ளே விடுகிறது என்று பாருங்க. கணீர்க் குரல் சாரிடம் பெயர் கொடுக்கவே பயந்த பிள்ளைகள் உங்கள் பள்ளியில் கட்டாயம் இருப்பார்கள். என் மகள் அப்படித்தான், திக்கிப் பேசுவாள் என்று ஒதுங்கியே இருந்தாள். அவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்க.

கோபி தமிழ் டீச்சர்:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். முதலில் திரும்பித் திரும்பித் தேடினாள், அப்புறம் விட்டுவிட்டாள். வேடர் கூட்டத்துக்குப் புதிதாக மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னொன்று கேட்க வேண்டும்: பழைய சாரிடம் எப்போதும் முக்கிய வேடம் வாங்கிய இரண்டு பத்தாம் வகுப்புப் பையன்கள் "இது நாடகமே இல்லை மிஸ்" என்று ஒதுங்கி நிற்கிறார்கள்.

பவானிக்கரை:

அவர்களுக்கு அந்த சார் மேல் உள்ள பாசம் அது, அதை மதியுங்கள். ஒருவனுக்கு நாரதர் வேடம் கொடுங்கள், கணீர்க் குரல் அதற்கு வேண்டும். இன்னொருவனை யானையாக வரும் பிள்ளையாருக்குத் துணி, மூங்கில் வேலைக்குத் தலைவனாகப் போடுங்கள். முடிந்தால் அரங்கேற்றத்துக்கு அந்த சாரையே அழையுங்கள்.