சொராரிட்டி உதவித்தொகை: முன்னாள் மாணவிகள் பணத்தை எங்கே கட்டுவது?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் உள்ள எங்கள் சொராரிட்டி (மாணவிகள் சங்கம்) கிளையின் மாணவிகளுக்கு, முன்னாள் மாணவிகள் சேர்ந்து ஆண்டுக்கு 1,000 டாலர் உதவித்தொகை தர இருக்கிறோம். கிளையின் வங்கிக் கணக்கிலேயே வசூலிக்கலாமா?

பதில் 1: வேண்டாம். அமெரிக்க வரிச் சட்டப்படி கிளைகள் பொதுவாக 501(சி)(7), அதாவது சமூக மன்ற வகை. அங்கே கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது. சொராரிட்டியின் தேசிய அமைப்பு நடத்தும் அறக்கட்டளை 501(சி)(3), அதாவது தொண்டு நிறுவன வகை என்றால், அதில் உங்கள் கிளைக்கெனத் தனி நிதி தொடங்க முடியுமா என்று கேளுங்கள். காசோலையில் பெறுநர் அறக்கட்டளை. நிதியின் பெயர் கீழே குறிப்பு வரியில். இதை மாற்றி எழுதினால் கழிவை இழக்க நேரலாம். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுப்பவர் கழிவு கோர எழுத்துப்பூர்வ ரசீது கட்டாயம்.

பதில் 2: நிரந்தர நிதியா, வருடாந்திர வசூலா? நிரந்தர நிதியிலிருந்து ஆண்டுக்கு 4% எடுப்பதென்றால் 1,000 டாலருக்கு 25,000 டாலர் மூலதனம் வேணும். அது சேரும்வரை வருடாந்திர வசூலே போதும்ங்க. "இந்தப் பெண்ணுக்குத்தான்" என்று குறித்துக் கொடுக்கிற பணத்துக்கும் கழிவு இல்லை. தேர்வுக் குழுவில் இருப்பவரின் மகள் விண்ணப்பித்தால் அவர் விலகிடணும்.

பதில் 3: மாணவி பக்கமும் பாருங்க. பட்டப்படிப்புக்கான கல்விக் கட்டணம், கட்டாயப் பாடப்புத்தகம் ஆகியவற்றுக்குச் செலவானால் அவளுக்கு வரி இல்லை. சொராரிட்டி வீட்டு வாடகை, சாப்பாட்டுக்குப் போனால் அந்தத் தொகை வருமானக் கணக்கில் சேரும். இன்னொன்று: வெளி உதவித்தொகை வந்ததும் கல்லூரி தன் மானியத்தையே குறைத்துவிடலாம். அப்படி நடந்தால் உங்கள் பணத்தால் அவளுக்கு ஒரு பைசா லாபமில்லை. அறிவிப்பதற்கு முன்பே நிதி உதவி அலுவலகத்தில் பேசி, கடன் பகுதியை முதலில் குறைப்பார்களா என்று கேளுங்க.