எலெக்ட்ரிக் பிக்கப் எடுக்கப் போகிறீர்களா? 7,500 டாலரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு, எலெக்ட்ரிக் பிக்கப் விலையில் 7,500 டாலர் டாக்ஸ் கிரெடிட்டை (கட்ட வேண்டிய வரியில் நேரடியாகக் குறையும் தொகையை) கழித்து பட்ஜெட் போடுகிறார்கள். அந்தச் சலுகை இப்போது இல்லை. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், அந்த ஆண்டு செப்டம்பர் 30க்குப் பிறகு வாங்கும் வண்டிகளுக்கு அதை நிறுத்திவிட்டது. செகண்ட் ஹேண்ட் வண்டிக்குக் கிடைத்த 4,000 டாலரும் அதோடு போய்விட்டது.

அந்தத் தேதிக்குள் ஒப்பந்தம் போட்டுப் பணம் கட்டியிருந்தால், வண்டி பிறகு கைக்கு வந்திருந்தாலும் அந்த கிரெடிட்டைக் கேட்கலாம். டீலர் ஐஆர்எஸ்-க்கு (அமெரிக்க மத்திய வரித் துறைக்கு) அனுப்பிய விற்பனை அறிக்கையின் நகலை வாங்கி வையுங்கள். டீலரிடமே தொகையைக் கழித்துக்கொண்டவர்களும் வரி ரிட்டர்னுடன் படிவம் 8936-ஐத் தர வேண்டும்.

சரி, இப்போது வாங்குபவர்களுக்கு என்ன இருக்கிறது? கார் லோன் வட்டி. 2028 வரை ஆண்டுக்கு 10,000 டாலர் வரையிலான வட்டியை, வரி போடும் வருமானத்திலிருந்து கழிக்கலாம். ரசீது காட்டாமல் மொத்தமாகக் கழிக்கும் ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்கும் உண்டு. ஆனால் வண்டி புதிதாக, சொந்த உபயோகத்துக்கானதாக, அமெரிக்காவில் அசெம்பிள் ஆனதாக இருக்க வேண்டும். லீஸுக்குக் கிடையாது. ரிட்டர்னில் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணையும் எழுத வேண்டும்.

அசெம்பிளி விஷயத்தில் பிக்கப்புகளுக்குப் பிரச்சினை இல்லை. ரிவியன் ஆர்1டி இல்லினாய் மாநிலத்தின் நார்மல் நகரில் தயாராகிறது, டெஸ்லா சைபர்டிரக் ஆஸ்டினில், செவர்லே சில்வராடோ ஈவி டெட்ராய்ட்டில். ஃபோர்டின் எஃப்-150 லைட்னிங் மிச்சிகனின் டியர்பார்னில் தயாரானது. முழு எலெக்ட்ரிக் லைட்னிங்கை நிறுத்துவதாக ஃபோர்டு 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டதால், டீலரிடம் நிற்கும் வண்டிக்குத் தைரியமாகப் பேரம் பேசுங்கள்.

ஒன்றை மட்டும் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு 3,000 டாலர் வட்டி கட்டி, நீங்கள் 22 சதவீத வரி வரம்பில் இருந்தால், மிச்சமாவது 660 டாலர்தான். வந்த புதிதில் கிரெடிட் ஹிஸ்டரி (கடன் வாங்கித் திருப்பிய பதிவு) இருக்காது, வட்டியும் அதிகமாக இருக்கும். இந்தக் கழிவுக்காகப் பெரிய லோன் எடுக்கவே எடுக்காதீர்கள். தனியாக ஃபைல் செய்தால் வருமானம் 1 லட்சம் டாலரைத் தாண்டியதும் சலுகை குறையத் தொடங்கும், கணவனும் மனைவியும் கூட்டாகச் செய்தால் 2 லட்சம் வரை இடம் இருக்கிறது. எச்4 விசாவில் (எச்1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசாவில்) இருக்கும் துணைவருக்கு சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால், படிவம் டபிள்யூ-7 கொடுத்து வரிக்கான அடையாள எண்ணான ஐடிஐஎன் வாங்கிக் கூட்டாக ஃபைல் செய்ய முடியும். நடு ஆண்டில் வந்தவர்கள், முதல் ஆண்டு எந்த முறையில் ஃபைல் செய்வது என்று சிபிஏ (உரிமம் பெற்ற கணக்காளர்) ஒருவரிடம் கேட்டுவிடுங்கள்.

வீட்டு சார்ஜருக்குச் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 1,000 டாலர் கிரெடிட். அதுவும் அரசு குறித்த சில பகுதிகளில் மட்டும்தான், 2026 ஜூன் 30க்குள் பொருத்தி முடித்திருக்க வேண்டும். அபார்ட்மெண்டில் சார்ஜர் இல்லையென்றால், சொந்த வீடு வரும் வரை பிக்கப் வேண்டாம் என்பேன். இவ்வளவு பெரிய பேட்டரிக்குச் சாதாரண பிளக் போதவே போதாது.

மாநிலக் கட்டணத்தையும் பாருங்கள். டெக்சாஸில் புது எலெக்ட்ரிக் வண்டியைப் பதியும்போது கூடுதலாக 400 டாலர், அப்புறம் ஆண்டுதோறும் 200. கராஜையும் அளந்துவிட்டுப் போங்கள். லைட்னிங்கின் நீளமே 19 அடிக்கு மேல்.