ஜப்பான் கோட்டைகளில் ஆங்கில போர்டு ஏன் இப்படி இருக்கிறது?

பாளை_டு_ஒசாகா:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊர் பாளையங்கோட்டை, வேலை ஒசாகாவில். லீவு கிடைத்தால் கியோட்டோ, நாரா, ஹிமெஜி என்று கிளம்பிவிடுவேன். ரொம்ப நாளாக ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. கோட்டையையும் கோயிலையும் இவ்வளவு அக்கறையாகப் பராமரிக்கிறார்கள், ஆனால் பக்கத்தில் இருக்கிற ஆங்கில போர்டைப் படித்தால் தலையும் புரிவதில்லை, வாலும் புரிவதில்லை. எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை பற்றிச் சொல்லவில்லை, அதைத் தாண்டிப் படித்துவிடலாம். பிழையே இல்லாத போர்டும் புரியவில்லை, அதுதான் என் கேள்வி. கெய்ச்சோ 8-இல் இன்னார் கட்டினார், இன்ன ஆண்டில் இன்னார் மாற்றிக் கட்டினார், கூரை இன்ன பாணி, முக்கியப் பண்பாட்டுச் சொத்து என்று அறிவிக்கப்பட்டது. அவ்வளவுதான். அந்த இன்னார் யார், எதற்குக் கட்டினார், நான் நிற்கிற இந்த அறையில் என்ன நடந்தது? ஒன்றும் கிடையாது.

அடுத்த மாதம் அப்பாவும் அம்மாவும் வருகிறார்கள். அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், போர்டு என்று ஒன்று இருந்தால் கடைசி வரி வரை நின்று படிக்கிறவர். கியோட்டோவில் இருக்கிற நிஜோ கோட்டைக்கும் நாராவுக்கும் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். எனக்கு மட்டும்தான் இப்படித் தோன்றுகிறதா, இல்லை இதற்குக் காரணம் ஏதும் உண்டா?

அம்பை_மொழிபெயர்ப்பு:

தம்பி, ஜப்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றுவதுதான் என் பிழைப்பு, சுற்றுலா போர்டு வேலையும் செய்திருக்கிறேன். கோளாறு பெரும்பாலும் மூலத்திலேயே இருக்கிறது. அந்த ஜப்பானிய வாசகம், தொகுகவா இயேயாசுவைப் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்தவர்களுக்காக எழுதியது. அவர்களுக்குப் பெயரைச் சொன்னாலே போதும், மிச்சம் தானாக மனதில் ஓடும். அதை வரிக்கு வரி ஆங்கிலமாக்கினால் வெளியூர்க்காரருக்குப் பெயர்ப்பட்டியல்தான் மிஞ்சும். எங்களுக்கு வருவது ஒரு எக்செல் கோப்பு, இடத்தின் படம்கூட இருக்காது. புரியட்டுமே என்று ஒரு வரி கூடச் சேர்த்தால், மூலத்தில் இல்லையே என்று ஏஜென்சியில் திருப்பி அனுப்புவார்கள். அப்படி வெட்டப்பட்ட வரிகளை நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

கெய்ச்சோ என்பது ஜப்பானிய ஆண்டுக்கணக்கில் ஒரு காலகட்டத்தின் பெயர். கெய்ச்சோ 8 என்பது 1603, நிஜோவைக் கட்டிய இயேயாசு ஷோகன், அதாவது பேரரசர் பெயரால் நாட்டை ஆள்கிற படைத்தலைவர், ஆன வருஷம். இதைச் சொன்னால்தான் நிஜோ கோட்டைக்கே அர்த்தம். நம் பக்கத்துக் கல்வெட்டுகளில் கொல்லம் ஆண்டு வருகிறது அல்லவா, அதை அப்படியே ஆங்கில போர்டில் போட்டுவிட்டு, ஆங்கில ஆண்டு வர 825-ஐக் கூட்ட வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் டெல்லிக்காரருக்கே புரியாது.

நாங்குநேரி_அண்ணாச்சி:

அம்பை அக்கா சொல்வது சரிதான், ஆனால் அது பாதிக் கதை. ஜப்பான்காரர்களே இதை உணர்ந்து மாற்ற ஆரம்பித்துவிட்டார்கள், அதையும் சொல்ல வேண்டும். டேவிட் அட்கின்சன் என்ற இங்கிலாந்துக்காரர், கோல்ட்மேன் சாக்ஸில் இருந்தவர், பிறகு பழைய கோயில்களைச் செப்பனிடும் கொனிஷி நிறுவனத்தின் தலைவரானார். காலி அறையைக் காட்டிக் காசு வாங்கினால் போதுமா, அங்கே என்ன நடந்தது என்று சொல்ல வேண்டாமா என்று பல வருஷமாகக் கேட்டுவந்தவர். நிஜோ கோட்டைக்கே ஆலோசகராகவும் இருந்தார். 2018-இல் ஜப்பானின் சுற்றுலா முகமை ஒரு திட்டம் தொடங்கியது. அதில் மொழிபெயர்ப்பு கிடையாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட எழுத்தாளர் இடத்தை நேரில் பார்த்து, விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டு, முதலிலிருந்தே ஆங்கிலத்தில் எழுதுவார். அந்த உரைகள் இணையத்திலும் பொதுவாகக் கிடைக்கின்றன. போகிறதுக்கு முன்னால் அப்பாவுக்குப் பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிடுங்கள். நிஜோவில் நினோமாரு அரண்மனைக்குள் போட்டோ எடுக்க விடமாட்டார்கள், அதனால் போர்டைப் படம் பிடித்து அப்புறம் படிக்கலாம் என்கிற யோசனை அங்கே நடக்காது.

கிருஷ்ணாபுரம்_வாத்தியார்:

நான் வரலாறு எடுக்கிறவன். எனக்கு இதில் பெரிய ஆதங்கமே உண்டு. நல்ல போர்டு என்றால் கண் முன்னால் இருக்கிறதைப் பார்க்க வைக்க வேண்டும். நிஜோவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரபுக்கள் வந்து காத்திருக்கிற அறையில் தங்கப் பின்னணியில் புலிகள் வரைந்திருக்கிறது. ஜப்பானில் காட்டுப்புலி கிடையாது, ஓவியர்கள் தோலைப் பார்த்துத்தான் வரைந்தார்கள், சிறுத்தையைப் பெண்புலி என்று நினைத்துக்கொண்டு அதையும் பக்கத்திலேயே வரைந்து வைத்தார்கள். இந்த விவரத்தைச் சொன்னால் எந்த ஊர்க்காரரும் அந்தச் சுவரை இன்னொரு தடவை உற்றுப் பார்ப்பார். கானோ என்கிற ஓவிய மரபு, 17-ஆம் நூற்றாண்டு என்று மட்டும் எழுதினால் அடுத்த அறைக்கு நடந்துவிடுவார். 1867-இல் கடைசி ஷோகன் ஆட்சியைப் பேரரசரிடம் திருப்பிக் கொடுக்கிற முடிவை அறிவித்ததும் இதே நினோமாரு அரண்மனையில்தான். கட்டியவரின் வம்சத்து ஆட்சி அங்கேயே முடிந்தது, இதைவிட என்ன வேண்டும்?

நம் கிருஷ்ணாபுரம் கோயிலுக்கும் இதேதான். நாயக்கர் காலச் சிற்பம் என்று ஒரு வரி எழுதினால் யாருக்கு என்ன லாபம். வீரபத்திரர் கையில் நரம்பு புடைத்திருக்கிறதைப் பாருங்கள், குறவன் இளவரசியைத் தூக்கிக்கொண்டு போகிறதைப் பாருங்கள், தூணும் சிலையும் ஒரே கல் என்பதைப் பாருங்கள் என்று விரல் நீட்டிச் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு கோயிலில் தமிழ்த் தலபுராணத்தை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டி வைத்திருக்கிறார்கள், படித்துப் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் என்னிடம் வந்து யார் யாருக்கு மகன் என்று கேட்கிறார்கள்.

நாராவில் அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள் தம்பி. அங்கே தோதைஜி கோயிலின் பெரிய புத்தர் சிலைக்கு 752-இல் கண் திறக்கும் சடங்கை நடத்திவைத்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி.

பாளை_டு_ஒசாகா:

சார், போதிசேனர் விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. அப்பாவுக்கு இப்போதே போனில் சொல்லப்போகிறேன். அண்ணாச்சி, அந்த உரைகள் எல்லாம் போர்டிலேயே வந்துவிட்டதா, இல்லை க்யூஆர் கோடு மட்டும்தானா?

அம்பை_மொழிபெயர்ப்பு:

இடத்துக்கு இடம் மாறும் தம்பி. போர்டில் இடம் கொஞ்சம், அதிலேயே சில இடங்களில் ஜப்பானியம், ஆங்கிலம், சீனம், கொரியன் எல்லாம் வர வேண்டும். அதனால் நீளமான உரையை க்யூஆர் பின்னால் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வயதானவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள். போர்டின் முதல் இரண்டு வரியிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும், மன்னர் பெயரும் ஆண்டும் மூன்றாவது வரிக்குப் போகட்டும். அண்ணாச்சி சொன்ன மாதிரி பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள், எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாக வைத்து எடுங்கள்.