கியர் விழேல்லை எண்டால் உடனே கியர்பொக்ஸை இறக்க விடாதேங்கோ

என்ரை கார் 2003 சுபாரு இம்ப்ரெசா டபிள்யூஆர்எக்ஸ். டர்போ, 5 கியர். போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், நல்ல மழை. வெள்ளவத்தையில காலி வீதி சிக்னலில பச்சை விழுந்து முதலாம் கியரைப் போட்டால் ஏறேல்லை. ரெண்டாவதும் ஏறேல்லை. பின்னால பஸ்காரர் ஹோர்னில இருந்து கையை எடுக்கேல்லை. வேறை வழியில்லாமல் எஞ்சினை நிப்பாட்டினன். நிப்பாட்டினதும் எல்லாக் கியரும் வழுக்கிக்கொண்டு விழுந்தது! முதலாம் கியரில வைச்சபடியே கிளச்சை முழுசா மிதிச்சு ஸ்டார்ட் பண்ண, கார் ஒருக்கா முன்னுக்கு உன்னிச்சுது.

கராஜில பாத்துப்போட்டு, "சிங்க்ரோ போச்சு, பெட்டியை இறக்கவேணும், மூண்டு லட்சம் வரும்" எண்டிச்சினம். எனக்கு மனம் ஒப்பேல்லை. சிங்க்ரோ எண்டது கியர் விழேக்க பல்லுகளின்ரை வேகத்தை ஒண்டாக்கிற வளையம். அது தேயிறது அநேகமா ஒரு கியரிலதான் தொடங்கும். அதுவும் ஓடேக்க மாத்தினால்தான் கர்ர் எண்டும். நிண்ட இடத்தில எல்லாக் கியரும் ஒண்டா மறிச்சு, எஞ்சின் நிண்டதும் விழுந்தால், மிதிச்ச பிறகும் கிளச் முழுசா விடுபடேல்லை.

வீட்டில ஒரு சோதனை செய்தன். எஞ்சின் ஐடிலில ஓட, கிளச்சை முழுசா மிதிச்சு அஞ்சு செக்கன் பொறுத்து ரிவர்ஸ் போட்டன். பல்லுக் கடிச்ச சத்தம். பழைய பெட்டிகளில ரிவர்ஸுக்கு அநேகமா சிங்க்ரோ இல்லை. எஞ்சின்ரை சுத்தைப் பெட்டிக்குள்ள கொண்டுவாற உள்தண்டு இன்னும் சுத்துதோ எண்டதை அது உடனே காட்டும்.

பிறகு இன்டர்கூலரைக் கழட்டினன். அதுக்குக் கீழதான், பெட்டிக்கு மேல, ஸ்லேவ் சிலிண்டர் இருக்கு. பெடலை மிதிக்க, ஒயில் அழுத்தத்தில தண்டைத் தள்ளிக் கிளச்சை விடுவிக்கிறது அதுதான். தம்பியை மிதிக்கச் சொல்லி அடிமட்டத்தைப் பக்கத்தில பிடிச்சன். தண்டு தள்ளிச்சுது. "காலை அசைக்காதை" எண்டன். இருபது செக்கனுக்குள்ள அந்தத் தண்டு மெல்ல மெல்லத் தானே பின்னுக்கு வந்திட்டுது. வெளியில ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை. பெடலோடை சேர்ந்து அந்த ஒயிலை அழுத்துற மாஸ்டர் சிலிண்டரின்ரை உள் ரப்பர் அழுத்தத்தைப் பிடிக்கேல்லை, அவ்வளவுதான். மூடியைத் திறந்தால் ஒயில் பிளேன்டீ நிறம், அடியில கறுப்புத் தூள். டொட் 4 எண்ட இந்தக் கிளச் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். கொழும்பு மாதிரிக் கடலோர ஊரில அதை வருசக்கணக்கா மாத்தாமல் விட்டது என்ரை பிழை.

பஞ்சிகாவத்தையில ரப்பர் கிற் மட்டும் வாங்கிப் போட்டன். ரெண்டு கிழமையில பழையபடி. சிலிண்டரின்ரை உட்சுவரே அரிச்சுப்போயிருந்தது. முழு மாஸ்டரையும் மாத்தி, காத்தை எடுத்தாப்பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை. அந்த மூண்டு லட்சத்தில பத்தில ஒண்டும் முடியேல்லை.

பதில் – கொட்டாஞ்சேனை

அண்ணா, எனக்கு நடந்தது நேரெதிர். சிவிக் ஈகே4, பி16 எஞ்சின். கியர் சோக்கா விழும், இழுவைதான் இல்லை. தெற்கு அதிவேகப் பாதையில 4ஆம் கியரில 2500 சுத்தில இருந்து முழுசா அமத்தினால் ஊசி 4000க்குப் பாயுது, வேகம் அப்பிடியே நிக்குது, கருகின மணம் வேறை. ஹான்ட்பிரேக்கை இழுத்து 3ஆம் கியரில கிளச்சை விட்டுப் பாக்கச் சொல்லுவினம். போற கிளச்சை அது இன்னும் எரிக்கும், நான் செய்யமாட்டன்.

புது டிஸ்க் போட்டம். மூண்டு மாசத்தில திரும்பவும் வழுக்கல். இறக்கிப் பாத்தால் டிஸ்க்கில எஞ்சின் ஒயில். கிராங்கின்ரை பின் சீல், அதுதான் எஞ்சின் ஒயிலை வெளியில விடாமல் மறிக்கிற வளையம், கசிஞ்சிருக்கு, முதல் தரம் ஒருத்தரும் விரலை வைச்சுக்கூடப் பாக்கேல்லை. பெட்டியை இறக்கினால் அந்தச் சீலை மாத்தாமல் ஏத்த விடாதேங்கோ, தயவுசெய்து.

பதில் – தெஹிவளை

எனக்குச் சத்தம்தான். லான்சர் எவோ. நியூட்ரலில நிக்கேக்க இரையும், கிளச்சை மிதிச்சால் நிக்கும். மிதிக்கேக்க கிளச்சை அமத்துற ரிலீஸ் பெயாரிங்தான் காரணம் எண்டு கிளச் செட்டையே மாத்தினன், சத்தம் போகேல்லை.

முதல் பதிவிட்டவர்

தம்பி, மிதிக்கேக்க வாற சத்தம்தான் ரிலீஸ் பெயாரிங். மிதிக்க நிக்கிறது அநேகமா பெட்டிக்குள்ள உள்தண்டுப் பெயாரிங். கியர் ஒயிலை வடிச்சு, வடிகால் நட்டில இருக்கிற காந்தத்தைப் பாருங்கோ. சாம்பல் பசை மாதிரி இருந்தால் வழமையான தேய்வு. விரலில குத்துற துண்டுகள் இருந்தால் இனி ஓடாதேங்கோ, உங்கட பெட்டியை இறக்கத்தான் வேணும்.