புதுக் கார் ரேடியோ செட்: மட்டக்களப்பு–அம்பாறை ஹாம் (அமெச்சூர் வானொலி) குழு அரட்டை

ஆரையம்பதி தம்பி: யேசு (Yaesu) கம்பனி எஃப்டிஎம்-6000 செட்டைக் காரில பூட்டியாச்சு. முகப்பு டேஷ்போர்ட்டில, செட் பொடி சீற்றுக்குக் கீழ. 50, 25, 5 வாட் எண்டு மூண்டு பவர்.

கல்முனை காக்கா: 2 மீற்றர், 70 சென்ரிமீற்றர் அலைவரிசை ரெண்டையும் ஒரே நேரத்தில கேக்கேலுமா?

ஆரையம்பதி தம்பி: ஏலா காக்கா. ஒரு நேரம் ஒண்டுதான். எனக்கு அது போதும், மெனு லேசு.

அக்கரைப்பற்று தம்பி: நானும் எடுக்கப் பாக்கன். லைட்டர் சொக்கட்டில குத்தினா ஓடாதா?

கல்லடி அண்ணன்: கேக்க ஓடும், பேச ஓடாது. 50 வாட்டில 11 அம்பியர் மட்டில இழுக்கும். அந்த வயர் மெல்லிசு, வோல்ட் விழுந்து செட் அணைஞ்சு அணைஞ்சு வரும். நேரா பெட்டரி பொசிட்டிவ்ல எடு. 15 அம்பியர் பியூஸ் பெட்டரிக்கு ஒட்டினாப்போல இரிக்கணும். செட் பக்கம் மட்டும் போட்டா, நடுவுல வயர் உரசி ஷோர்ட் ஆனா எரியிறது கார்தான்.

கல்லடி அண்ணன்: போக வர 8 மீற்றர் வயர் எண்டா 2.5 சதுர மில்லிமீற்றரில 0.6 வோல்ட் போயிடும். 4 போடு, 0.4க்குள்ள நிக்கும்.

கல்முனை காக்கா: பெட்டரி நெகட்டிவ் முனையில சென்சர் இரிக்கிற வாகனமெண்டா நெகட்டிவ் வயரை அதில பூட்டாதீங்க, கார் பொடி ஏர்த் போல்ட்டில பூட்டுங்க. பெயின்ட் சுரண்டி, இறுக்கி, மேல கிரீஸ். நம்மட உப்புக் காத்துக்கு வெறும் போல்ட் தாங்காது.

ஆரையம்பதி தம்பி: எஸ்டபிள்யூஆர் (அன்டெனா எவ்வளவு பொருந்துது எண்ட அளவு, 1 எண்டா நல்லம்) 144 மெகாஹேர்ட்ஸில 1.3, 146ல 1.9. ஏன்?

கல்லடி அண்ணன்: அன்டெனாக் கம்பி நீளம் கூட. 145க்கு கால் அலைக் கம்பி (அலைநீளத்தில கால்வாசி மட்டில) 49 சென்ரிமீற்றர். ரெண்டு மூண்டு மில்லிமீற்றரா நறுக்கி நறுக்கி அளந்து பாரு. ரெண்டு பக்கமும் 1.5க்குக் கீழ வந்தா விட்டிரு. அன்டெனா மேக்னட் கூரை நடுவுல இரிக்கட்டும், கேபிளைக் கதவு நசுக்காமப் பாரு.

அக்கரைப்பற்று தம்பி: ஓட்டோவில?

கல்முனை காக்கா: சீலைக் கூரையில மேக்னட்டும் ஒட்டாது, கால் அலை அன்டெனாக்குக் கீழ வேணுமான தகரமும் இல்ல. அரை அலை அன்டெனா, பிராக்கட்டில.

ஆரையம்பதி தம்பி: 50 வாட்டில கொஞ்சம் பேசினாலே செட் பொடி கொதிக்குது.

கல்லடி அண்ணன்: கார்பெட்டில மூடிக் கிடந்தா கொதிக்காம? 25ல வை. வித்தியாசம் 3 டெசிபெல், அரை எஸ் யூனிட் (செட் மீற்றர் சிக்னல் காட்டுற அளவு). கேக்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. ரெண்டு கார் அன்டெனாவும் தரையில இரிந்து ஒண்டரை மீற்றர் எண்டா சமதரையில 10 கிலோமீற்றர் மட்டில எட்டும். கல்லடியில இரிந்து கல்முனை அதைவிடத் தூரம், வாட்டைக் கூட்டிப் பிரயோசனமில்ல, அன்டெனாக்கு உயரம் வேணும்.

அக்கரைப்பற்று தம்பி: அப்ப ஓடர் போடவா?

கல்முனை காக்கா: முதல்ல தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில அனுமதி எடு. இல்லாட்டி செட் கஸ்டம்ஸில கிடக்கும்.