கொழும்பில் பிளேட், ஊரில் மிச்ச வைத்தியம்: வீடியோ கிளினிக்கில் கண்டவை

எக்ஸ்ரே பிரிவிலிருந்து:

எலும்பு முறிந்து கொழும்பில் பிளேட் (உலோகத் தகடு), கம்பி போட்டு ஊர் திரும்பியவர்கள் வீடியோ கிளினிக்குக்காக வட்ஸ்அப்பில் அனுப்புகிற எக்ஸ்ரேகளில் நிறையவற்றை வாசிக்கவே முடியாது. ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து எடுக்கிறார்கள், லைட்டின் வெள்ளைக் கோடு சரியாக முறிவுக்கு மேலேயே விழுகிறது. லெப்டொப்பில் வெறும் வெள்ளைப் பக்கமொன்றைத் திறந்து, வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி, ஃபிலிமை அதன்மேல் ஒட்ட வையுங்கள். அறை லைட்டை அணைத்து, ஃபிளாஷ் இல்லாமல், போனைச் சரிக்காமல் நேரே எடுக்க வேண்டும். முன்பக்கம், பக்கவாட்டு என்று இரண்டு படமும் கட்டாயம். முறிவுக்கு மேல் மூட்டும் கீழ் மூட்டும் தெரிய வேண்டும். திகதியும் இடம்-வலம் குறியும் வெட்டுப்படக்கூடாது. பெயரை மறைக்கிறேன் என்று டொக்டருக்கே மறைத்து அனுப்புகிறவர்களும் உண்டு. குடும்ப குரூப்பில் போடும்போது மறைத்தால் போதும்.

போட்டோவாக அனுப்பினால் வட்ஸ்அப் படத்தை நசுக்கிவிடும், டொக்கியுமெண்டாக அனுப்புங்கள். சீடி தந்திருந்தால் அதிலுள்ள டைகொம் கோப்புத்தான் (எக்ஸ்ரே மெஷினிலிருந்து வரும் மூலப் படம்) முதல் தெரிவு.

தியேட்டர் தாதி:

மேலே சொன்னதோடு ஒன்று. போன் படத்தில் ‘2 மி.மீ. விலகியிருக்கு’ என்று அளப்பதில் அர்த்தமில்லை. எக்ஸ்ரேயே கொஞ்சம் பெருப்பித்துத்தான் காட்டும், போன் அதை இன்னும் மாற்றும். ஆனால் உள்ளே போட்ட உலோகத்தின் அளவு தெரிந்தால் அதுவே அடிமட்டம். இடுப்பு மூட்டருகே தொடையெலும்பு முறிந்தால் அதன் தலைக்குள் இறக்கும் டிஎச்எஸ் என்ற பெரிய ஸ்க்ரூவின் தண்டு வழமையாக 8 மி.மீ. படத்தில் அது எவ்வளவு தெரிகிறது என்று பார்த்து, மற்றதைக் கணக்குப் போடலாம். ஸ்க்ரூ நுனியிலிருந்து தொடையெலும்புத் தலையின் உச்சி வரையான தூரத்தை இரண்டு படத்திலும் எடுத்துக் கூட்டினால் 25 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கூடினால் ஸ்க்ரூ எலும்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வருகிற ஆபத்துக் கூடும்.

வார்ட் தாதி:

வெளியே கம்பி பூட்டியவர்கள் (எக்ஸ்டேர்னல் ஃபிக்சேட்டர்) வீடியோவில் முழுக் காலையும் காட்டுகிறார்கள். அதில் ஒன்றும் விளங்காது. ஒவ்வொரு கம்பியும் (பின்) தோலுக்குள் இறங்கும் இடத்தைக் கிட்டவாக, பகல் வெளிச்சத்தில், தனித்தனிப் படமாக எடுங்கள். முதல் நாட்களில் தெளிந்த நீர் கசிவது வழமை. சிவந்து, சூடாகி, தொட்டால் நோகிறது, சீழ் வருகிறது என்றால் அது கிருமித் தொற்று. பின்னை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், ஆடினால் அதையும் சொல்லுங்கள். ஆடுகிற பின்னுக்கு குளிசை மட்டும் காணாது, பெரும்பாலும் கழற்றி வேறிடத்தில் போட வேண்டிவரும். பின் ஆடுவதற்கு ஒரு காரணம், துளைக்கும்போது ஏறிய சூட்டில் அதைச் சுற்றிய எலும்பு செத்துப்போவது. ஆட்கள் நினைப்பதுபோல எல்லாப் பழியும் டிரெசிங்கில் இல்லை.

வீடியோவுக்குக் காத்திருக்கவே கூடாதது ஒன்றுண்டு. முழங்காலுக்குக் கீழே முறிந்து, மருந்துக்கும் அடங்காமல் நோ கூடிக்கொண்டே போய், கால்விரலை இன்னொருவர் மேலே மடக்கினால் துடிக்கிறார் என்றால், உள்ளே தசைக்கூட்டில் அழுத்தம் ஏறுகிறது. நாடி நன்றாகத் துடிக்கிறதே என்று ஆறுதல்பட வேண்டாம், கடைசிவரை அது துடிக்கும். ஆறு மணித்தியாலம் போல ஆனால் தசை மீளாது. 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸை எடுங்கள்.

பிசியோ, வெள்ளவத்தை:

இலிசரோவ் வளையம் (காலைச் சுற்றி வெளியே பூட்டி, நட்டைச் சுற்றி எலும்பை மெல்ல நீட்டும் சட்டம்) போட்டவர்களுக்கு: எலும்பை நீட்டும்போது வழமை ஒரு நாளைக்கு 1 மி.மீ., நான்கு தரமாக. நட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 1 மி.மீ., ஆகவே ஒவ்வொரு தரமும் கால் சுற்று. அநேகமாக 10 இலக்க ஸ்பனர் போதும். வீட்டில் பிழைப்பது எப்போதும் திசைதான்: ஒருவர் காலையில் ஒரு பக்கம் சுற்ற, மற்றவர் பின்னேரம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறார். மார்க்கர் பேனையால் நட்டின் ஒரு முகத்தில் புள்ளி வைத்து, வளையத்தில் அம்புக்குறி கீறிவிடுங்கள். வீடியோவில் அந்தப் புள்ளியைக் காட்டினால் டொக்டருக்கே கணக்குத் தெரியும். மெதுவாய்ப் போனால் நீட்டுவதற்காக எலும்பை வெட்டிய இடைவெளி நேரத்துக்கு முந்தி ஒட்டிவிடும், அவசரப்பட்டால் புது எலும்பு சரியாக வராது, நரம்பும் இழுபடும். விரல் விறைக்கத் தொடங்கினால் அடுத்த சுற்றைச் சுற்றாமல் போன் பண்ணுங்கள்.

தியேட்டர் தாதி (மீண்டும்):

டயக்னோசிஸ் கார்டில் ‘பிளேட் போட்டது’ என்று மட்டும் எழுதியிருந்தால், வீட்டுக்குப் போக முதல் இம்பிளாண்ட் ஸ்டிக்கரை (உள்ளே போட்ட உலோகத்தின் விவரச் சீட்டு) கேட்டு வாங்கி ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கம்பனி, உலோகம், அளவு மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். கழற்றுகிற காலத்தில்தான் அதன் அருமை தெரியும். 3.5 மி.மீ. லொக்கிங் ஸ்க்ரூவின் (பிளேட்டோடேயே பூட்டிக்கொள்ளும் ஸ்க்ரூ) தலை அறுகோணமென்றால் 2.5 மி.மீ. டிரைவர், நட்சத்திரமென்றால் டி15. மாறிப் போட்டால் தலை வழுகிவிடும். டைட்டேனியம் ஸ்க்ரூவை 1.5 நியூட்டன் மீற்றர் டோர்க் லிமிட்டர் (அளவுக்கு மேல் இறுக விடாத கருவி) இல்லாமல் கைப்பலத்தில் இறுக்கியிருந்தால் அது பிளேட்டோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கார்பைட் டிரில் வைத்துத் தலையை அரைத்தெடுக்க வேண்டிவரும். அந்தச் சாமான் எல்லாத் தியேட்டரிலும் இராது. ஸ்டிக்கரின் படத்தை முன்கூட்டியே அனுப்பினால், கழற்றுகிற செட்டைத் தேடி எடுத்துவைத்துவிட்டுத்தான் திகதியே தருவோம்.