ஈப்போ குகையின் இடத்தை மேப்பில் போடலாமா?

வெள்ளவத்தை வாசன்:
போன மாதம் மலேசியாவில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தானின் கூட்டாளி ஒருவர் ஈப்போவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தைத் தாண்டி ஒரு சுண்ணாம்புக்கல் மலைக்குக் கூட்டிப்போனார். குகை வாசல் எங்கள் குசினி ஜன்னல் அளவுதான். கொஞ்ச தூரம் வயிற்றால் ஊர்ந்து போய் எழும்பினால், டோர்ச் வெளிச்சம் கூரையைத் தொடவில்லை. ஒரு மூலையில் மட்டும் கூரை தாழ்ந்து, ஸ்ட்ரோ மாதிரி மெல்லிய வெள்ளைக் குழாய்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். மூச்சுப் பட்டாலே உடைந்துவிடும் போல இருந்தது.

எங்கள் மலையேறும் குழு டிசம்பரில் அங்கே போக நினைக்கிறது. இடத்தை மேப்பில் குறித்துப் பொதுவில் போடலாமா?

தெஹிவளை மதி:
தயவுசெய்து போடாதீர்கள் தம்பி. மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவை உறிஞ்சி, சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கி, குகைக்குள் வாயுவை விட்டபிறகு மிஞ்சுகிற சுண்ணாம்புதான் அந்தக் குழாய். ஒவ்வொரு சொட்டும் ஓரத்தில் மெல்லிய வளையம் ஒன்றை விட்டுவிட்டு விழும். வளருகிற வேகம் இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் ஒரு விரல் நீளம் வளரப் பல நூறு வருடம் ஆகலாம். உடைக்க ஒரு செல்ஃபி போதும். உடைக்காமல் தடவினாலே கை எண்ணெய் ஒட்டி, அந்த இடத்தில் சுண்ணாம்பு படிவது கெட்டுவிடும்.

எம்பிலிப்பிட்டியப் பக்கம் வவுல்பனை குகைக்கு நான் போனபோது பெரிய கூட்டம். 'வவுல்' என்றால் சிங்களத்தில் நம்முடைய வவ்வால்தான். உள்ளே நீர்வீழ்ச்சிச் சத்தத்தையும் மீறி ஆட்கள் கத்தி, எல்லா டோர்ச்சையும் மேலே அடித்தார்கள். வவ்வால்கள் கலைந்து சுற்றின. குட்டி போட்ட காலத்தில் அப்படிக் கலைத்தால் குட்டி கீழே விழும், அதோடு சரி. உங்கள் அத்தான் வீட்டு டுரியானுக்கும் குகை வவ்வால்தான் இரவில் மகரந்தம் கொண்டுபோகிறது.

சுண்ணாகத்தான்:
மதி அக்கா, உங்கள் கவலை சரி. ஆனால் யாருக்கும் தெரியாத மலையைத்தான் முதலில் உடைப்பார்கள். மலேசியாவின் பகாங் மாநிலத்தில் புக்கிட் பஞ்சிங் என்று ஒரு மலை. 'பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம்' என்ற குட்டி நத்தை உலகத்திலேயே அந்த ஒரு மலையில்தான் இருந்தது. கல்லுக்காக மலையை உடைத்துத் தீர்த்தார்கள், நத்தையும் போய்விட்டது. சுண்ணாம்புக்கல் மலை ஒரு தீவு மாதிரி. அதில் வாழ்கிற சின்ன உயிர்களுக்கு அடுத்த மலைக்குப் போக வழி கிடையாது.

ஈப்போவுக்குப் பக்கத்தில் குனோங் கந்தானில் 2014 இல் விவரித்த ஒரு நத்தைக்கு, அங்கே கல் உடைத்த சீமெந்து நிறுவனமான லஃபார்ஜின் பெயரையே வைத்தார்கள். ஆய்வாளர்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

நான் காங்கேசன்துறைப் பக்கம் வளர்ந்தவன். சீமெந்து ஆலை 1990 இல் நின்றது. சுண்ணாம்புக்கல் தோண்டிய பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. அந்தக் கல்லின் பொந்துகளில் என்னென்ன இருந்தது என்று எனக்குச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், போடுங்கள்.

தெஹிவளை மதி:
தெரியப்படுத்துவதும் எல்லாருக்கும் வழி காட்டுவதும் ஒன்றில்லை. பத்துமலை இருட்டுக் குகையில், வளை வாசலுக்கு மூடி போட்டு வாழ்கிற அரிய பொறிக்கதவுச் சிலந்தி இருப்பது ஆய்வாளர்கள் போனதால் தெரிந்தது. மேப்பைப் பார்த்து வருகிறவர் சிலந்தியைத் தேடி வருவதில்லை.

ஆபத்தையும் யோசியுங்கள். 2018 ஜூன் 23, தாய்லாந்து தாம் லுவாங் குகை. கால்பந்துக் குழு ஒன்றின் 12 பையன்களும் பயிற்றுநரும் உள்ளே போனபிறகு மழைவெள்ளம் வழியை அடைத்தது. ஜூலை 10 இல்தான் கடைசி ஆள் வெளியே வந்தார். மீட்கப் போன சமன் குனான் இறந்துபோனார். மழை விட்ட பிறகும் வெடிப்புகளுக்குள்ளால் தண்ணீர் குகைக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். வாசன் ஊர்ந்து போன பாதை அடைபட எவ்வளவு நேரம் எடுக்கும்?

மட்டக்குளி டொக்டர்:
யார் போனாலும் ஆளுக்கு மூன்று விளக்கு. வவ்வால் எச்சத் தூசியில் நுரையீரலுக்கு ஆகாத பூஞ்சை இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் உள்ளே போகவே வேண்டாம்.

சுண்ணாகத்தான்:
சரி, வழியைப் போடவேண்டாம் என்பதை ஏற்கிறேன். மறைத்து வைப்பதை ஏற்கமாட்டேன். மலேசியாவின் சரவாக்கில், முலு தேசியப் பூங்காவில் 1981 இல் கண்ட பெரிய குகைக்கூடம் கிட்டத்தட்ட 600 மீற்றர் நீளம். அளந்து வரைந்ததால்தானே உலகத்துக்குத் தெரிந்தது? 2000 இல் முலு உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. வாசன், அளவுநாடாவும் திசைகாட்டியும் கொண்டுபோய் வரைபடம் எடுத்து மலேசிய இயற்கைக் கழகத்துக்குக் கொடுங்கள்.

வெள்ளவத்தை வாசன்:
நேற்று இரவு அத்தானோடு கதைத்தேன். மலைக்குப் பின்பக்கம் செம்மண் போட்டு லொறிப் பாதை ஒன்று வெட்டுகிறார்களாம். யார், எதற்கு என்று அவருக்கும் தெரியவில்லை. அதைக் கேட்டபிறகு நித்திரை வரவில்லை. மேப்பில் போடப்போவதில்லை. வரைபடம் எடுக்க நாலு பேர் போதும், குழுவாகப் போகமாட்டோம்.

தெஹிவளை மதி:
அப்படியென்றால் நாலில் ஒருத்தி நான். டிசம்பர் வரைக்கும் ஏன் காத்திருக்கவேண்டும்? அங்கே வவ்வால் குட்டி போடுகிற மாதம் எது என்று முதலில் உங்கள் அத்தானிடம் விசாரித்துச் சொல்லுங்கள், அதைத் தவிர்த்து டிக்கெட் போடுவோம்.